வெளியே தாழ்ப்பாள் வைத்த அவசரக் கதவு

இன்று எங்கள் சிங்காநல்லூர் பட்டறைக்கு ஃபுட் டிரெய்லர் செய்யச் சொல்லி ஒரு புரோட்டாக் கடை முதலாளி வந்தார். கூடவே அவருடைய புரோட்டா மாஸ்டரும்.

வரைபடத்தில் அடுப்புக்கு எதிரே அவசரக் கதவு போட்டிருந்தேன். முதலாளி அதில் விரல் வைத்தார்.

"கதவு இருக்கட்டுங்க. தாழ்ப்பாளை மட்டும் வெளிய வெச்சுருங்க. இல்லீன்னா மாஸ்டரு பீடி குடிக்க எறங்கிப் போயிர்றாருங்க."

"உள்ள தீப்புடிச்சா என்னங்க பண்றது?"

"நான் வெளிய கல்லாவுலதானுங்க இருப்பேன். கூப்புட்டா தொறந்து உட்டுர்றேனுங்க."

மாஸ்டர் சிரித்துவைத்தார். சம்பளக்காரர் வேறு என்ன செய்வார்?

கிளம்பும்போது முதலாளி திரும்பி வந்தார். "திருஷ்டிக்கு எலுமிச்சம்பழம் கட்ட முன்னால ஒரு கொக்கி வேணுங்க. உள்ள நிக்கறவங்களுக்கு ஒண்ணும் ஆயிரக்கூடாது பாருங்க."

தாழ்ப்பாளை உள்ளேதான் வைக்கப்போகிறேன்.

கொக்கியை மட்டும் முதலாளியின் எடை தாங்குகிற மாதிரி வைக்கலாமா? நண்பர்கள் சொல்லுங்கள்.