கோட்டுக்கு வெளியே ஒரு தமிழ்க் குரல்

கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரிலிருந்து பஸ்ஸில் கொஞ்சத் தூரம் போனால் ஒரு மைதானம் இருந்தது. மைதானம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். மழை பெய்தால் அது வயல். இரண்டாயிரங்களின் நடுவில், பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படித்த காலத்தில், ஞாயிறுதோறும் அந்தச் சேற்றில் அமெரிக்கன் புட்போல் விளையாடினேன். நீள்வட்டப் பந்தைக் கையால் எறிந்து, ஆளை ஆள் மோதி விழுத்துகிற விளையாட்டு. "காலால அடிக்கிற பந்துக்கு ஏன் தம்பி ஹெல்மெட்?" என்று அம்மா கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தார்.

நான் குவார்ட்டர்பேக். பந்து முதலில் குவார்ட்டர்பேக்கின் கைக்குத்தான் வரும். யாருக்கு எறிவது என்று இரண்டு மூச்சுக்குள் அவன் முடிவெடுக்க வேண்டும். கிரிக்கெட்டில் எல்லைக்கோட்டிலிருந்து எறிந்து பழகிய கை என்பதால் எனக்கு அந்த இடம் கிடைத்தது. கை சரி. முடிவெடுப்பதுதான் எனக்கு ஆகாத காரியம். எந்தப் பாடம், எந்த ட்யூஷன், எந்தச் சட்டை என்று குட்மேய்ஸ் பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் மற்றவர்களே தீர்மானித்து வளர்ந்த பிள்ளை நான்.

எங்கள் கோச் மலேசியத் தமிழர். அமெரிக்காவில் படித்தபோது அங்கே கல்லூரி அணியில் மாற்று குவார்ட்டர்பேக்காக இருந்தவர். இருந்தவர் என்றால், பெஞ்சில் இருந்தவர். லண்டனில் வாரநாட்களில் கம்ப்யூட்டர் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள். "கால் நின்னாதான் கை பேசும்" என்று சொல்லி, கையில் பந்தே தராமல் மழையில் என்னைப் பின்னோக்கி நடக்க விடுவார். நாயோடு நடக்க வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

முதல் ஆட்டத்தில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, திருவிழாவில் தொலைந்த பிள்ளைபோல முழித்தேன். பொறுக்க முடியாமல் கோட்டுக்கு வெளியே நின்று அவர் கத்தினார்: "டேய், வலது பக்கம் போடு! குட்டையன் சும்மா நிக்கிறான் பாரு!" போட்டேன். பிடித்தான். எதிரணிக்கு ஒரு எழுத்தும் விளங்கவில்லை. அன்றிலிருந்து அதுவே எங்கள் வித்தை. அவர் தமிழில் சொல்வார், நான் எறிவேன், நாங்கள் வெல்வோம். அந்த மாரிகாலம் முழுவதும் நான் மகிழ்ச்சியாக இருந்தேன்.

அணியில் மூத்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. எறிவது இவன், விளையாடுவது கோச் என்று முணுமுணுத்தார்கள். பொய்யும் இல்லை. என்னைவிட உயரமான வெள்ளைக்காரன் ஒருவன் என் இடத்துக்குக் காத்திருந்தான். பருவத்தின் கடைசி ஆட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வருட குவார்ட்டர்பேக் யார் என்று சொல்வேன் என்றார் கோச். வீட்டில் யாரும் சொல்லாமல் நானாகப் போய்ச் சேர்ந்த ஒரே இடம் அது. அதைப் பறிகொடுக்கப் போகிறேன் என்று நினைத்தாலே சோறு இறங்கவில்லை.

கடைசி ஆட்டம் மேற்கு லண்டன் அணியோடு. "இடது பக்கம்!" என்றார் கோச். எறிந்தேன், எதிரணிக்காரன் ஒருவன் முன்கூட்டியே அங்கே போய் நின்று பிடித்தான். "நடுவுல போடு!" என்றார். நடுவிலும் அவனே. மூன்றாவது முறை பிடித்துவிட்டு என்னிடம் வந்து தோளில் தட்டினான்.

"மச்சான், உங்கட கோச் கத்துறது எனக்கும் கேக்குது. நான் ஹவுன்ஸ்லோ ஆள். பத்து வரியம் தமிழ்ப் பள்ளிக்கூடம் போனனான்."

லண்டனில் தமிழன் இல்லாத அணி இருக்கும் என்று நம்பிய எங்கள் புத்தியை என்னவென்று சொல்வது! ஆட்டம் நின்ற இடைவேளையில் கோச்சிடம் ஓடினேன்.

"அண்ணை, அவனுக்கு எல்லாம் விளங்குது."

தலையில் கைவைத்தார். "மலாய்ல சொல்லட்டா?"

"எனக்கு மலாய் தெரியாதே. பொய்யா ஒரு பக்கத்தைச் சொல்லுங்கோவன்?"

"வேணாம் லா. அவன் உன்னைவிட நல்லா தமிழ் படிச்சிருக்கான்." ஜாக்கெட் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். "நான் வாயைத் திறக்க மாட்டேன். நீயே பாத்துக்க, தம்பி."

மைதானத்தில் ஆயிரம் சத்தம், எனக்கு வேண்டிய சத்தம் மட்டும் இல்லை. பந்து கைக்கு வந்தது. வழக்கம்போலக் கோட்டுப் பக்கம் திரும்பப்போன கழுத்தைப் பிடித்து நிறுத்தினேன். அப்போதுதான் கவனித்தேன்: ஹவுன்ஸ்லோக்காரன் என்னைப் பார்க்கவில்லை. கோச்சின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். மூன்றே பந்தில் அவனும் அந்தக் குரலுக்குப் பழகிவிட்டிருந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் எங்கள் ஆள் ஒருவன் தனியாக ஓடிக்கொண்டிருந்தான். யாரையும் கேட்காமல் எறிந்தேன்.

எங்கள் ஆள் பந்தைப் பிடித்துக்கொண்டு கடைசிக் கோட்டையும் தாண்டி ஓடிப் புள்ளி எடுத்தான். ஆட்டத்தில் தோற்றோம், ஆனால் என் இடம் எனக்கே நிலைத்தது. மூத்தவர்கள் வந்து கை கொடுத்தார்கள்.

அடுத்த பருவத்தில் கோச் பயிற்சியில் மட்டும் கத்தினார். ஆட்டம் தொடங்கினால் கைகளைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொள்வார். எதிரே ஒரு தமிழனும் இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்த நாளிலும் அப்படித்தான். எனக்குக் கோபம் கோபமாக வரும். ஒருநாள் தோற்றுக்கொண்டிருந்தபோது அவரிடம் போய், "ஒருக்காச் சொல்லுங்கோ அண்ணை, எந்தப் பக்கம் போடுறது?" என்று கெஞ்சினேன். தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்.

"உனக்குத்தான் தெரியுமே."

தெரிந்துதான் இருந்தது. இருந்தாலும், ஒரே ஒரு முறை அவர் கத்தியிருக்கலாம் என்று இன்றைக்கும் மனம் ஏங்குகிறது.