டீசல் வாடை

பாம்பனில் பஸ் ஏறியவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். கழுத்தில் ஜெபமாலை, வெயிலில் கறுத்த முகம், மடியில் துண்டில் சுற்றிய லேப்டாப். அடிக்கடி விரல்களை மோந்து பார்த்துக் கைலியில் துடைத்துக்கொண்டார். டீசல் வாடை எனக்கும் அடித்தது.

நான்தான் பேச்சுக் கொடுத்தேன். விசைப்படகு டிரைவராம். மகளின் லேப்டாப்புக்குப் புதுத் திரை வரவழைத்து, வீடியோ பார்த்து அவரே மாட்டியிருக்கிறார்.

"உப்புக் காத்துல ஸ்குரூவெல்லாம் துருவேறிக் கெடந்துச்சு சார். படகு எஞ்சின்ல செய்யிற மாதிரி டீசல விட்டேன். நல்லாத்தான் கழண்டுச்சு."

லேப்டாப்பை என் மடியில் வைத்துத் திறந்து காட்டினார். மிச்ச டீசல் புதுத் திரைக்குள் இறங்கி, பாதிக்கு மேல் கறையாகப் படர்ந்திருந்தது.

"கடையில குடுத்திருக்கலாமேண்ணே?"

"ஒடச்சதே நாந்தான சார். மெட்ராசுக்கு வேலைக்குப் போறேன்னு சொன்னா மக. கோவத்துல தூக்கி எறிஞ்சுட்டேன். பத்து நாளாப் பேச மாட்டேங்கிறா. நானே மாத்திக் குடுத்தாப் பேசுவான்னு நெனச்சேன்."

கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறவன் நான். ராமநாதபுரத்தில் ஒரு கடைக்கு வழி மட்டும் சொன்னேன்.

இறங்கும்போது, திரை சரியாகுமா என்று அவர் கேட்கவில்லை. மறுபடி விரல்களை மோந்தார்.

"இந்த வாடை போயிருமா சார்? அவளுக்கு இது ஆகாது. நான் கடலுக்குப் போயிட்டு வந்தாலே மூக்கப் பொத்திக்கிருவா."

"போயிரும்ணே" என்றேன்.

இரண்டு முறை துவைத்த பிறகும் என் பேண்ட்டில் அந்த வாடை இருந்தது.