ஆயுத பூஜைக்குத் துடைத்த கம்ப்யூட்டர்

1. ஆயுத பூஜைக்காகச் செங்கம் ரோட்டு பிரவுசிங் சென்டரில் கம்ப்யூட்டர்களைத் துடைத்தார்கள்.
2. துடைத்த கையோடு எல்லாவற்றையும் பார்மட் செய்தார்கள்.
3. மூலைக் கம்ப்யூட்டரில் நான் சேர்த்து வைத்திருந்த புக்மார்க்குகள் போயின.
4. அவற்றில் ஒன்று என் தோழியின் வலைப்பக்கம்.

அப்போது எங்கள் வீட்டில் இன்டர்நெட் இல்லை. இன்ஜினியரிங் முடித்து, உள்ளூர்க் கல்லூரி ஒன்றில் லேப் பார்த்துக்கொண்டிருந்தேன். உடன் படித்தவர்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள். விடுதியில் என் அறைத்தோழியாக இருந்தவள் அமெரிக்காவுக்கு. அவளிடமிருந்து மெயில்கள் வந்தன. என்னிடம் சொல்ல ஒன்றும் இல்லை என்று பதிலைத் தள்ளிப்போட்டேன். மெயில்கள் நின்றன. ஆனால் தன் பக்கத்தில் பனியைப் பற்றியும் தீய்ந்துபோன சாம்பாரைப் பற்றியும் தன் பெயர் போடாமல் எழுதி வந்தாள். கல்லூரி விட்டதும் பிரவுசிங் சென்டருக்குப் போய்ப் படிப்பேன். அவளுக்கு ஒரு வரிகூட எழுதாமல் எழுந்து வருவேன்.

பூஜை முடிந்து நான் அங்கே போனபோது ஒவ்வொரு மானிட்டரிலும் சந்தனப் பொட்டு இருந்தது.

"என் புக்மார்க்கெல்லாம் எங்கங்க?" என்றேன்.

"ஆயுத பூஜைம்மா, வெளிய மட்டும் தொடச்சா ஆச்சா? உள்ள வைரஸ் ஜாஸ்தி. மொத்தமா வழிச்சுட்டோம்" என்றார் கடைக்காரர். "இன்ஜினியரு நீங்க, ஒரு ஃப்ளாப்பில போட்டு வெக்கக் கூடாதா?"

ஃப்ளாப்பி பையிலேயே இருந்தது. அந்தக் கம்ப்யூட்டரில் இரண்டு பிரவுசர்கள். பழையதில் வேலை சம்பந்தப்பட்டவை, புதியதில் மற்றவை என்று பிரித்திருந்தேன். பழையதை மட்டுமே ஃப்ளாப்பியில் ஏற்றியிருந்தேன். திரும்பப் போட்டதும் பாடக்குறிப்புகள், வேலைவாய்ப்புத் தளங்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அவள் பக்கம் புதியதில், 'பிற' என்ற ஃபோல்டரில் இருந்தது. முகவரி வந்த மெயிலையும் பெட்டி நிறைந்தபோது அழித்திருந்தேன். தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

அவளையே கேட்பது ஒன்றுதான் வழி. கேட்டால் இத்தனை நாள் படித்துக்கொண்டே பேசாமல் இருந்தது தெரிந்துவிடும். ஒரு வாரம் யோசித்தேன். பிறகு எழுதினேன்: "உன் பக்கத்தின் முகவரி தொலைந்துவிட்டது. அனுப்பு."

மறுநாளே பதில் வந்திருந்தது.

"அடிப்பாவி, அது நீதானா? பக்கத்துக்கு எத்தனை பேர் வந்தாங்கன்னு காட்டுற கவுன்டர்ல தினம் ஒண்ணு ஏறும். யாரோ ஒருத்தர் படிக்கிறாங்கன்னுதான் எழுதிட்டிருந்தேன். போன வாரம் ஏறவே இல்ல. சரி, மூடிடலாம்னு நெனச்சேன்."

கீழே முகவரி இருந்தது. இரண்டு பிரவுசர்களிலும் சேமித்தேன், ஃப்ளாப்பியிலும் ஏற்றினேன். அவள் பெயரில் தனி ஃபோல்டர் போட்டேன். அதில் அது ஒன்றுதான்.

அதன்பின் அவள் சில மாதங்கள் எழுதினாள். நானும் படித்ததும் ஒரு வரி எழுதினேன். பிறகு அந்த இலவசத் தளத்தையே மூடிவிட்டார்கள். கம்ப்யூட்டர் மாறும்போதெல்லாம் அந்த ஃபோல்டரையும் கொண்டுவருகிறேன். அழுத்தினால் பக்கம் இல்லை என்று வருகிறது. பிறந்தநாளுக்கு மெயில் போட்டுக்கொள்கிறோம். நான் இன்னும் இதே ஊரில் இருக்கிறேன்.