காரணம் எழுதாத ஒரு வரி

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: ஒரு பெண்ணின் பக்கத்தில் ஏழு மாதம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவர் எதைச் செய்தாலும் "ஏன்?" என்று கேட்டு, அவர் சொன்னதையெல்லாம் அப்படியே எழுதிக்கொண்ட மடையன் நான். அதற்கு எனக்குச் சம்பளமும் கொடுத்தார்கள். அந்த மடத்தனத்துக்குச் சாட்சியாக ஒரு பச்சை அட்டை நோட்டுப்புத்தகம் இன்னும் என் அலமாரியில் கிடக்கிறது. பக்கத்துக்கு மூன்று கட்டங்கள்: நேரம், முடிவு, காரணம். கோழி கிளறியது போன்ற என் கையெழுத்தில் புத்தகம் ஏறக்குறைய முழுவதும் நிரம்பியிருக்கிறது. கடைசிப் பக்கத்தில் ஒரு வரியில் மட்டும் நேரம் இருக்கிறது, முடிவு இருக்கிறது, காரணம் இல்லை. அந்தப் புத்தகத்தில் நான் சந்தேகப்படாத ஒரே வரி அதுதான்.

கிள்ளானில், துறைமுகத்துக்குப் போகும் சாலையில், ஒரு டயர் கடையின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. கண்டெய்னர் லோரிகளை ஓட்டும் நிறுவனம். எந்த லோரி, எந்த டிரைவர், எந்த வழி, எத்தனை மணிக்கு என்று தீர்மானிக்கும் மேசை ஒன்று அங்கே உண்டு. அந்த மேசைக்குப் பின்னால், நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிட்ட அந்தப் பெண் இருந்தார். எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். காப்பாரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். ஹெல்மெட்டைக் கழற்றி முடிப்பதற்குள் ஒரு காதில் போன் ஏறியிருக்கும். மேசையில் மூன்று போன்கள், தலையாட்டும்போது முனகும் சின்ன விசிறி, மூடி நசுங்கிய மைலோ ஃபிளாஸ்க். சுவரில் லோரி எண்கள் எழுதிய வெள்ளைப் பலகை ஒன்று தொங்கியது. அதை அவர் பார்த்து நான் கண்டதில்லை. கேட்டால், "பலகை உங்களுக்குலா. எனக்கு எதுக்கு?" என்பார். டிரைவர்கள், சாலைகள், துறைமுக வரிசைகள், யாருக்கு யாரோடு சண்டை என்பது உட்பட எல்லாமே அவர் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தன.

அந்தத் தலைக்குப் பதிலாகத்தான் செயற்கை நுண்ணறிவு வந்தது. அப்போது யாரும் அதை இவ்வளவு பச்சையாகச் சொல்லவில்லை. "அக்காவுக்கு உதவியாக ஒரு சிஸ்டம்" என்றுதான் பாஸ் சொன்னார். அதற்காக ஒரு தனி அறையைக் காலி செய்தார்கள், புது ஏர்கோன் மாட்டினார்கள், பெரிய திரை வைத்தார்கள். அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை வந்தாச்சு. இன்னும் ஒரு வேலையும் செய்யல, எல்லாரும் எந்திரிச்சு எடம் குடுக்குறாங்க" என்றார். அன்றிலிருந்து அதன் பெயர் மாப்பிள்ளை.

மாப்பிள்ளைக்குப் பாடம் சொல்ல அக்காவின் முடிவுகள் மட்டும் போதாதாம், காரணங்களும் வேண்டுமாம். அதை எழுதி எடுக்கும் வேலை எனக்கு. சிஸ்டத்தை விற்றவர் எனக்கு ஒரே ஒரு விதி சொன்னார்: காரணக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது, அதில் 'தெரியாது' என்றும் எழுதக் கூடாது. 'தெரியாது' என்பது தகவலே இல்லையாம். நான் ஏதோ மந்திர உபதேசம் வாங்கியவனைப் போலத் தலையாட்டினேன்.

முதல் நாள் நோட்டுப்புத்தகத்தோடு போய் உட்கார்ந்ததும் அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எதுக்குத் தம்பி இதெல்லாம் கேக்குற?"

"சிஸ்டத்துக்குச் சொல்லிக் குடுக்க, அக்கா."

"அது கத்துக்கிட்டா அப்புறம் நான் எங்க உக்காரது?"

"நீங்க இங்கதான் அக்கா உக்காருவீங்க."

"சரி. நீ எங்க உக்காருவ?"

இந்தக் கேள்வி எனக்கு உறைக்க ஒரு வருடம் ஆயிற்று.

அவர் என்னை உளவாளி என்று சந்தேகப்பட்டார். அது தப்பு என்று சொல்லமாட்டேன். ஆனாலும் கேட்டதற்குப் பதில் சொன்னார், அருமையாகச் சொன்னார். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்தில் மேரு பக்கம் ஏன் லோரி அனுப்புவதில்லை, மழை வந்தால் எந்தச் சாலை முதலில் முழுகும், எந்தத் தொழிற்சாலை கேட்டில் இருக்கும் காவலாளிக்குக் காலையில் கோபம் அதிகம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தார். எங்கள் டிரைவர்களில் ஆள் அகலத்தால் 'பெரிய டிரைவர்' என்று பெயர் வாங்கிய ஒருவர் இருந்தார். அவரை ஏன் அடிக்கடி ஸ்ரீ கெம்பாங்கான் பக்கமே அனுப்புகிறீர்கள் என்று கேட்டேன். "அங்க ஒரு சாப்பாட்டுக் கடை அவருக்குப் பிடிக்கும். வயிறு நெறஞ்சா அந்த வாய் கம்முன்னு இருக்கும்" என்றார். அதையும் காரணக் கட்டத்தில் எழுதினேன். மாப்பிள்ளை அதிலிருந்து என்ன கற்றதோ.

மூன்றாம் மாதம் எனக்குச் சந்தேகம் தட்டியது. டிரைவர் பேசி முடிப்பதற்குள் அக்காவின் முடிவு வந்துவிடும். காரணமோ, நான் கேட்ட பிறகு, ஒரு வாய் மைலோ குடித்து, விசிறியைத் திருப்பி வைத்து, நிதானமாக வரும். முடிவு மின்னல் போல வந்தது. காரணம் மின்சார பில் போல வந்தது. முடிவெடுக்கும்போது இந்தக் காரணம் உண்மையிலேயே அந்தத் தலைக்குள் இருந்ததா? இல்லை, நான் கேட்டதால் பிறந்ததா?

குறும்புக்காரனுக்கு இந்த மாதிரிச் சந்தேகம் வரக் கூடாது. ஒரு நாள் மூன்று வரிகளைத் தலைகீழாக மாற்றி எழுதிக்கொண்டு போனேன். "அக்கா, போன செவ்வாய் பூச்சோங் வேலைக்குப் பெரிய டிரைவரை விட்டுட்டுப் புது ஆளை அனுப்பினீங்களே, ஏன்?" உண்மையில் அவர் அனுப்பியது பெரிய டிரைவரைத்தான். அக்கா கண்கூடச் சிமிட்டவில்லை. "அந்த கேட் சின்னது, தம்பி. ரிவர்ஸ் எடுக்கப் பொறுமை வேணும். பெரியவருக்கு அது கெடையாது." மற்ற இரண்டு பொய் வரிகளுக்கும் அதே போல வழவழவென்று காரணம் வந்தது. தாம் எடுக்காத முடிவுக்கு, தாம் எடுத்ததாக நம்பிக்கொண்டு, முழு மனதோடு சொன்னார்.

புதையல் கண்டவன் போல வீட்டுக்கு வந்து மனைவியிடம் அளந்தேன். அவள் வெங்காயம் நறுக்கியபடியே, "நீங்க ஏன் என்னைக் கட்டுனீங்கன்னு கேட்டா மட்டும் உண்மையைச் சொல்லிருவீங்களா?" என்றாள். நான் உடனே மூன்று காரணம் சொன்னேன். மூன்றையும் அந்த நிமிடம்தான் தயாரித்தேன் என்பது எங்கள் இருவருக்குமே தெரிந்துவிட்டது.

மறுநாள் மாப்பிள்ளையிடம் அதே வித்தையைக் காட்டினேன். அது தேர்ந்தெடுக்காத வழியைச் சொல்லி, இதை ஏன் தேர்ந்தெடுத்தாய் என்று தட்டினேன். மன்னிப்பும் இல்லை, மறுப்பும் இல்லை. எண்ணிட்ட ஐந்து காரணங்கள், கடைசியில் ஒரு பணிவான முடிவுரை. பிறகு கண்டதையும் வாசித்தேன். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: மூளைக்குள் முடிவெடுக்கும் இடம் ஒன்று, அதைப் பற்றிப் பேசும் இடம் வேறு. பேசும் இடம் கூட்டத்துக்கே வராத பத்திரிகைத் தொடர்பாளர் மாதிரி. கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, உள்ளே இப்படித்தான் பேசியிருப்பார்கள் என்று யூகித்து அறிக்கை விடும். இயந்திரமும் உள்ளே எண்ணிலடங்காத பெருக்கல்களைப் போட்டு ஒரு விடைக்கு வருகிறது. ஏன் என்று கேட்டால் அந்தப் பெருக்கல்களைத் திறந்து பார்த்துச் சொல்வதில்லை. அந்தக் கேள்விக்கு அடுத்து என்ன சொற்கள் வந்தால் பொருத்தமாக இருக்கும் என்று புதிதாக இன்னொரு கணக்குப் போடுகிறது. இதைவிட ஆழமாகப் போனால் நான் முழுகிவிடுவேன். நீச்சல் தெரிந்தவர்களே அங்கே சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? ஆறாம் மாதக் கடைசியில் ஒரு மதியம், நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே, நான் செய்த தில்லுமுல்லைச் சிரித்துச் சிரித்து அக்காவிடமே சொன்னேன். அவர் மெல்வதை நிறுத்தினார்.

"அப்ப நான் பொய் சொன்னேங்கிற?"

"பொய் இல்ல அக்கா. நீங்க நம்பித்தான் சொன்னீங்க."

"அது பொய்யை விட மோசம்லா" என்றார். பொட்டலத்தைப் பாதியில் மடித்து வைத்துவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு காரணத்துக்கும் முன்னால் ஒரு கணம் தயங்கினார். தம் வாயையே பக்கத்து வீட்டுக்காரரின் நாயைப் பார்ப்பது போலப் பார்க்க ஆரம்பித்தார்.

ஏழாவது மாதம், ஒரு வியாழக்கிழமை காலை பத்தரை மணி. ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு தொழிற்சாலையில் சரக்கேற்றிக்கொண்டு பெரிய டிரைவர் துறைமுகத்துக்குக் கிளம்பினார். அன்று பிற்பகல் கப்பலில் ஏற வேண்டிய கண்டெய்னர். கேட்டைத் தாண்டிவிட்டதாக அவர் போன் செய்தார், அக்கா "சரிண்ணே" என்று வைத்தார். வைத்த கை போனை விட்டு வரவில்லை. திரும்ப அவரை அழைத்தார். "அண்ணே, முன்னாடி பெட்ரோல் ஸ்டேஷன் வருதுல்ல, உள்ள நிறுத்துங்க. நீங்க ஓட்ட வேணாம். ஆள் அனுப்புறேன்." அந்தப் பக்கம் ஒரே கத்தல். அக்கா அதற்குள் வேறு டிரைவரை அனுப்பிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் திரையில் எல்லாம் பச்சை: டிரைவர் தூங்கிய நேரம் சரி, லோரி சரி, சாலை சரி. நான் பேனாவைத் திறந்து, "ஏன் அக்கா?" என்றேன். அவர் வாய் திறந்தது. அந்த வாயை நான் ஏழு மாதமாக அறிவேன். திறந்த பிறகுதான் காரணம் உள்ளே தயாராகும். இந்த முறை திறந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது.

"எழுதாத" என்றார்.

மாற்று ஆள் கிள்ளானிலிருந்து போய்ச் சேர்ந்து, திரும்பி வருவதற்குள் துறைமுகத்தில் அந்தக் கப்பலுக்கான கேட்டை மூடிவிட்டார்கள்; கண்டெய்னர் ஏறவில்லை. பெரிய டிரைவரைக் கிளினிக்குக்கு அனுப்பினார்கள். அந்த உடம்புக்கு இவ்வளவு நன்றாக இருப்பதே ஆச்சரியம் என்றார் டாக்டர். லோரியைப் பிரித்துப் பார்த்தார்கள். பிரேக்கிலிருந்து டயர்வரை ஒரு குறையும் இல்லை. பெரிய டிரைவர் மேலே ஏறி வந்து, "நான் என்ன செத்தா போயிட்டேன்? யாரைக் கேட்டு நிறுத்துன?" என்று அலுவலகம் அதிரக் கத்திவிட்டுப் போனார். பாஸ் கத்தவில்லை. திங்கட்கிழமை கூட்டத்தில் காரணம் சொல்ல வேண்டும், இல்லையென்றால் அந்த மேசையைச் சிஸ்டத்திடம் ஒப்படைத்துவிடுவதாகச் சொன்னார். அவர் குரல் இறங்கினால்தான் எங்களுக்குப் பயம்.

அன்று மாலை அக்கா ஹெல்மெட்டை எடுக்கும்போது நான் நோட்டுப்புத்தகத்தோடு பின்னால் ஓடினேன்.

"அக்கா, டிரைவர் குரல் ஒரு மாதிரி இழுத்துச்சுன்னு எழுதிடுறேன். பாஸ் ஏத்துக்குவாரு."

"இழுத்துச்சா?"

"இழுத்திருக்கலாம்."

"நீ இப்ப எழுதினா நாளைக்கு எனக்கே அப்படித்தான் கேட்டுச்சுன்னு ஆயிரும். திங்கட்கிழமை சத்தியம் பண்ணிக்கூடச் சொல்லுவேன். நீதானே தம்பி காட்டுன?"

மோட்டார் சைக்கிள் போய்விட்டது. நான் வாசலில் நின்றேன், என் குறும்பைக் கையில் பிடித்துக்கொண்டு. மூன்று வாரத்துக்கு முன்னால் என்றால் அவரே வழவழவென்று ஒரு காரணம் சொல்லி, அதை முழுதாக நம்பி, மேசையைக் காப்பாற்றியிருப்பார். அந்தப் பிழைப்பை நான்தான் கெடுத்திருந்தேன்.

திங்கட்கிழமை பாஸ் முதலில் மாப்பிள்ளையிடம் கேட்டார்: நீயாக இருந்தால் அந்த டிரைவரை ஏன் போகவிட்டிருப்பாய்? எண்ணிட்ட ஐந்து காரணங்கள், பணிவான முடிவுரை. பாஸின் முகம் தெளிந்தது. இதையே திருப்பி, ஏன் நிறுத்தியிருப்பாய் என்று கேட்டிருந்தால் அப்போதும் ஐந்து வந்திருக்கும். அதற்கான சாட்சி, அன்று நான் ஏமாற்றிக் கேட்டபோது மாப்பிள்ளை தந்த ஐந்து காரணங்கள், என் சட்டைப் பையில் மடித்த தாளில் இருந்தது. நான் அதை எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்பதற்கு என்னிடம் மிக நல்ல காரணங்கள் இருக்கின்றன. தயவுசெய்து ஒன்றையும் நம்பாதீர்கள். பாஸ் அக்காவின் பக்கம் திரும்பினார். அக்கா எழுந்து நின்று, "தா அடா செபாப், போஸ்" என்றார். காரணம் இல்லை, பாஸ். அவ்வளவுதான். போன்கள் மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்துவிட்டு, விசிறியை மட்டும் கையோடு எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

சில மாதங்களில், இனி "ஏன்?" என்று கேட்க ஆள் தேவையில்லை என்று என்னையும் அனுப்பினார்கள். நான் எங்கே உட்காருவேன் என்ற கேள்வி அப்போதுதான் உறைத்தது. இப்போது பூச்சோங்கில் வேறொரு நிறுவனத்தில், வேறொரு மாப்பிள்ளை எழுதும் பதில்களைச் சரிபார்க்கிறேன். அது என்னைவிட அழகாக எழுதுகிறது. எவ்வளவு அழகாக எழுதுகிறதோ அவ்வளவு சந்தேகம் வருகிறது. என் தலைக்குள் இருக்கும் பத்திரிகைத் தொடர்பாளர் மேலும் அதே சந்தேகம். இந்தக் கதையில்கூட அந்த ஃபிளாஸ்க்கின் மூடி உண்மையிலேயே நசுங்கியிருந்ததா என்று இப்போது சத்தியம் செய்யமாட்டேன். அக்கா அன்று சரியாகச் செய்தாரா என்பதும் தெரியவில்லை. பெரிய டிரைவர் இன்றும் லோரி ஓட்டுகிறார், இன்னும் அகலமாகியிருக்கிறார். அன்று அவரே ஓட்டியிருந்தால் ஒன்றுமே நடக்காமல் போயிருக்கலாம். நடந்தும் இருக்கலாம். அந்தச் சாலையில் மறுபடி போய்ப் பார்க்க வழியில்லை.

போன மாதம் ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு காப்பாருக்குப் போனேன். அக்கா இப்போது வீட்டு முன்கூரைக்குக் கீழே மேசை போட்டு, பள்ளிக்கூட வேன்களை ஓடவிடுகிறார். எந்தப் பிள்ளை எந்த வேனில், எந்த வாசலில், எத்தனை மணிக்கு என்று எல்லாம் அதே தலைக்குள். போன் இரண்டுதான். விசிறி அதே முனகல். மைலோ கொடுத்தார். அந்தத் திங்கட்கிழமை என் சட்டைப் பையில் இருந்த தாளைப் பற்றிச் சொன்னேன். "தெரியும். நீ பையைத் தடவிக்கிட்டே இருந்த" என்றார். திட்டியிருந்தால் எனக்கு லேசாகியிருக்கும். அவர் திட்டவில்லை.

பச்சை நோட்டுப்புத்தகத்தை எடுத்து வைத்தேன். அக்கா பக்கம் பக்கமாகப் புரட்டினார். பூச்சோங் வரியைப் பார்த்து, "இதெல்லாம் நானா சொன்னேன்? ஆள் நல்லாத்தான் அளந்திருக்கேன்" என்று சிரித்தார். கடைசிப் பக்கம் வந்ததும் சிரிப்பு நின்றது. வியாழன், பத்தரை, டிரைவரை நிறுத்தியது. பக்கத்தில் வெள்ளைக் கட்டம். நான் வெட்கமில்லாமல் பேனாவைத் திறந்தேன்.

"அக்கா, இப்பவாச்சும் சொல்லுங்க. அன்னிக்கு ஏன் நிறுத்துனீங்க?"

போன் அடித்தது. அதை எடுத்துக் காதில் வைக்கும் முன், என் பேனாவைப் பார்த்துச் சொன்னார்:

"தெரியாதுன்னு எழுது."