மூன்று விரல் கண்ணி

மோதிரத்தை அறுக்கும்போது நான் அழவில்லை. ஆசாரிதான் பயந்தார். "கண்ண மூடிக்கம்மா, பிளேடு சுத்தும்" என்றார். நான் மூடவில்லை. எத்தனையோ பேருடைய வலைகளை அவர்கள் கண்ணெதிரே அறுத்தவள் நான். ஒரு மோதிரத்துக்குக் கண்ணை மூடினால் அது நியாயமாக இருக்காது.

விரல் மடங்கவில்லை என்று போனதற்கு, உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் கைக்கு எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்று சொல்லி, மோதிரத்தைக் கழற்றச் சொன்னார்கள். நர்ஸம்மா சோப்புப் போட்டுப் பார்த்தார், எண்ணெய் விட்டுப் பார்த்தார், நூல் சுற்றி இழுத்துப் பார்த்தார். அது அசையவில்லை. அம்மாவின் மோதிரம். அம்மா இறந்த வருடம் விரலில் ஏறியது, பிறகு இறங்கவே இல்லை. எனக்கும் இறக்கத் தோன்றியதில்லை. கடைசியில் கடைத்தெருவுக்குப் போய் ஆசாரியிடம் கையை நீட்டினேன்.

அறுத்த மோதிரத்தை அவர் வளைத்துச் சேர்த்து அளவுக் குச்சியில் மாட்டிப் பார்த்தார். அப்புறம் என் விரலில் இரும்பு வளையங்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்.

"மோதரம் பதினாலு நம்பரு. உன் வெரலு இருவதத் தாண்டிப் போவுது."

"மழைக்கு வீங்கியிருக்கும்" என்றேன்.

"மழ வீக்கம் இல்லம்மா இது. ஏழெட்டு வருசமா ஏறிக்கினே வந்துகீது. இங்க பாரு, மோதரம் இருந்த எடம் எப்பிடி பள்ளமா கீது. உனுக்குத் தெரியலயா?"

சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போய்விட்டார். நான் அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்து பின்னோக்கி எண்ணினேன். ஏரி வேலையை விட்டு நான் பெருநகர் கிராமத்துக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. ஆசாரி ஏழெட்டு என்கிறார். அப்படியானால் அந்த வேலையின் கடைசி நான்கைந்து வருடங்களும் இந்த விரல்களோடுதான் நான் அங்கே இருந்திருக்கிறேன்.

என் வேலை என்னவென்று சொல்ல வேண்டும். பெருநகரில் யாருக்கும் இன்றுவரை அது சரியாகப் புரிந்ததில்லை. "மீன் வாட்சரம்மா" என்பார்கள், ஏதோ நான் மீனுக்குக் காவலுக்கு நின்றவள் போல. வடக்கே ஆந்திர எல்லையில் ஒரு ஏரி. கரை நம் பக்கம். தண்ணீர் பரந்து நிற்கும் இடத்தில் பாதி அந்தப் பக்கம். நடுத்தண்ணீரில் ஒரு எல்லைக்கல் உண்டு, கோடையில்தான் தலை காட்டும். வலையின் கண்ணி இவ்வளவுக்குக் குறையக் கூடாது என்று இந்த மாநிலத்துக்கு ஒரு கணக்கு, அந்த மாநிலத்துக்கு வேறொரு கணக்கு. காலையில் அந்தப் பக்கம் சரியாக இருக்கிற வலை, காற்றடித்து இந்தப் பக்கம் வந்தால் குற்றமாகிவிடும். இப்படியே சண்டை போட்டுப் போட்டு அலுத்துப்போய், இரண்டு ஊர் மீன் சங்கங்களும் சேர்ந்து தங்களுக்குள் ஒரு விதி வைத்துக்கொண்டன. ஏரி முழுவதற்கும் ஒரே அளவு: மூன்று விரல் நுழைகிற கண்ணி. அதற்குக் குறைந்தால் குஞ்சு மீன் மாட்டும், அடுத்த வருடம் ஏரி காலி. யாருடைய விரல் என்று கேள்வி வருமில்லையா. அதற்காகத்தான் பொதுவாக ஒரு வாட்சர். அந்த வாட்சரின் விரல்.

வாட்சருக்கும் விதிகள் இருந்தன. இரண்டு ஊரிலும் உறவு இருக்கக் கூடாது. எந்த வீட்டிலும் கை நனைக்கக் கூடாது. கல்யாணம், காதுகுத்து, சாவு எதற்கும் போகக் கூடாது. போனால் அந்தப் பக்கத்து ஆள் என்று பேச்சு வந்துவிடும். இப்படியொரு வேலைக்கு யார் போவார்கள்? நான் போனேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அண்ணன்மார்கள் நிலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள், என்னை யார் பங்கில் போடுவது என்று மட்டும் முடிவாகவில்லை. தெரிந்தவர் ஒருவர் வேலையைச் சொன்னதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். கரைமேல் ஓர் அறை கொடுத்தார்கள். பன்னிரண்டு வருடம் அங்கே நானே சமைத்து நானே சாப்பிட்டேன். ஏரியில் மீன் துள்ளும் சத்தம் கேட்கும், என் தட்டில் முட்டைப் பொரியல் இருக்கும். கல்யாண மேளம் இரண்டு பக்கமிருந்தும் வரும். அன்றைக்கெல்லாம் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொள்வேன்.

மழை முடிந்து ஏரி நிரம்பியதும் வலை பார்க்கும் நாள் வரும். குளிரில் காலையிலேயே இரண்டு ஊர்க்காரர்களும் வலைகளைக் கரையில் விரித்துப் போட்டுவிட்டு நிற்பார்கள். நான் ஒவ்வொரு வலையிலும் ஐந்தாறு இடத்தில் மூன்று விரலைச் சேர்த்து விடுவேன். நுழைந்தால் மேல் கயிற்றில் ஒரு சிவப்பு நூல் கட்டுவேன். நுழையாவிட்டால் அங்கேயே, எல்லார் முன்னிலையிலும், நானே கத்தியால் அறுப்பேன். அதுதான் விதி. வருடத்துக்கு அந்த ஒரு நாள்தான் அத்தனை பேர் என்னைச் சுற்றி நிற்பார்கள். உண்மையைச் சொல்கிறேன், நான் அந்த நாளுக்காகக் காத்திருப்பேன்.

முதலிலெல்லாம் அறுக்க வேண்டியிருக்காது. கடைசி வருடங்களில்தான் வலைகள் தோற்க ஆரம்பித்தன. ஆட்கள் திருட்டுத்தனம் பண்ணுகிறார்கள், சின்னக் கண்ணி வாங்கி வருகிறார்கள் என்று நினைத்தேன். "வாட்சரம்மா ரொம்ப கண்டிப்பு" என்று பேர் கிளம்பியது. எனக்கு அது பெருமையாக இருந்தது, மறைப்பானேன். நடையே மாறிவிட்டது.

அந்தக் கடைசி வருடத்தில், அந்தப் பக்கத்து ஊரிலிருந்து வரும் ஒரு பெண்ணின் வலையில் என் விரல் நுழையவில்லை. என் வயசுதான் இருக்கும் அவளுக்கு. புருஷன் இல்லை. தெர்மாகோல் தெப்பத்தில் தனியாகப் போய் வலை போட்டு, தனியாக இழுத்து, தனியாகக் கூடையில் வைத்து விற்பாள். அவளிடம் இருந்ததே அந்த ஒரு வலை. ஒவ்வொரு கண்ணியாக மாற்றி மாற்றி விட்டுப் பார்த்தேன். மூட்டில் வந்து நின்றது.

"போன வருசமும் இதே வலதான் மேடம்" என்றாள் அவள். "நீங்கதான் நூலு கட்னீங்கோ. இங்க பாருங்கோ, ஒம்போது நூலு கீது."

நிஜம்தான். மேல் கயிற்றில் ஒன்பது சிவப்பு நூல்கள் வரிசையாக இருந்தன. பழையவை வெளுத்து ரோஸ் நிறமாகியிருந்தன.

"வலை சுருங்கியிருக்கும்" என்றேன்.

"நைலான் சுருங்குமா மேடம்?"

யாரோ சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நூல் யார் வேணும்னாலும் கட்டிக்கலாம்" என்றேன்.

இதை நான் சொல்லியிருக்கக் கூடாது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள். நான் அறுத்தேன். அறுத்து முடித்ததும் அவள் குந்தி உட்கார்ந்து ஈயக் குண்டுகளையும் மிதவைகளையும் பொறுக்கிப் புடவைத் தலைப்பில் போட்டுக்கொண்டு போனாள். சிவப்பு நூல்களை விட்டுவிட்டுப் போனாள்.

ஆசாரி கடை ஸ்டூலில் எனக்கு ஞாபகம் வந்தது இதுதான். கண்ணி அதேதான். விரல்தான் ஏறியிருக்கிறது. கண்டிப்பு என்று நான் பேர் வாங்கிய வருடங்களில் அறுத்த வலைகள் எல்லாம் நல்ல வலைகள். அவளுடைய ஒன்பது நூல்களும் நானே கட்டியவை.

எக்ஸ்ரே எடுக்க ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போகவில்லை. வீட்டுக்கு வந்து மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அண்ணன் மகன் ஸ்ரீபெரும்புதூரில் வேலை பார்க்கிறான். போன் பண்ணினால் "இன்னா அத்தே, ஷிப்ட்ல கீறேன்" என்பான். அவனிடம் வலையைப் பற்றி என்ன சொல்வது? பக்கத்து வீட்டில் சொன்னால், "அதான் வேலய வுட்டு வந்துட்டியே, இன்னும் இன்னாத்துக்கு" என்பார்கள். பன்னிரண்டு வருடம் யாரோடும் ஒட்டாமல் இருந்து பழகியவளுக்கு, தப்புச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள ஓர் ஆள் கிடைக்கவில்லை. சொல்ல வேண்டிய ஆள் ஒருத்திதான் என்று நான்காம் நாள் காலை கிளம்பினேன்.

காஞ்சிபுரம் போய் வடக்கே போகும் பஸ் பிடித்தேன். அவளுக்கு ஒரு வலை வாங்கிப் போகலாம் என்று எல்லைக்கு முந்தைய ஊரில் இறங்கினேன். கடைக்காரர், "எத்தன எம்எம்மு?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பன்னிரண்டு வருடத்தை வலை அளந்தே கழித்தவளுக்கு வலையின் அளவு தெரியவில்லை. விரலை விட்டுப் பார்த்துச் சொல்லலாம் என்று கையை நீட்டி, பிறகு இழுத்துக்கொண்டேன். வெறுங்கையோடுதான் போனேன்.

அவள் வீட்டு வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னை அடையாளம் தெரிந்ததும் எழுந்து நின்றாள். நான் எதையும் சுற்றி வளைக்கவில்லை. "உங்க வலை சரியான வலை. என் விரல்தான் வீங்கியிருந்தது. இப்பதான் எனக்குத் தெரிஞ்சுது" என்றேன்.

"எனுக்கு அன்னிக்கே தெரியும்" என்றாள்.

"தெரியுமா? ஏன் சொல்லலே?"

"அத்தினி ஆம்பளைங்க நிக்கறாங்கோ. வாட்சரம்மா வெரலு வீங்கிப்போச்சினு சொல்லட்டா? அன்னிக்கே உன்ன அனுப்பிட்டு வேற ஆளப் போட்டுக்கினு இருப்பாங்கோ. உனுக்கு இன்னா, வூடா வாசலா? எங்க போயிருப்பே?"

அவளே மிச்சத்தையும் சொன்னாள். இரண்டு வருடம் அடுத்தவர் வலை இழுக்கக் கூலிக்குப் போனாளாம். இப்போது சொந்தமாக ஒரு வலை தேற்றியிருக்கிறாளாம். எனக்குப் பிறகு சங்கத்தில் இரும்புத் தகட்டில் அளவு வெட்டி வைத்துவிட்டார்களாம். "அதுக்கு ஊதாது" என்று சொல்லிச் சிரித்தாள். அவள் சிரித்தது எனக்கு அடித்தது போல இருந்தது.

"சாப்டுட்டுப் போ" என்றாள்.

"வேணாம், பரவால்ல" என்றது வாய், பழக்கதோஷத்தில்.

"நீ இப்ப வாட்சர் இல்ல. உக்காரு."

உட்கார்ந்தேன். சோறு போட்டு, அந்த ஏரியின் கெண்டையைக் குழம்போடு ஊற்றினாள். பன்னிரண்டு வருடம் கரைமேல் இருந்து அன்றுதான் அந்த ஏரி மீனைத் தொட்டேன். முள்ளை எடுக்கப் பார்த்தேன், விரல் மடங்கவில்லை. மறுபடி பார்த்தேன். அவள் எதிரே உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருந்தாள். பிறகு என் தட்டைத் தன் பக்கம் இழுத்து, முள்ளை எல்லாம் எடுத்து, சதையை மட்டும் என் பக்கம் ஒதுக்கி வைத்தாள். மோதிரம் இருந்த பள்ளத்தின் மேல் ஒரு விரலை வைத்துக் கேட்டாள்.

"வலிக்குதா?"

ஆஸ்பத்திரியிலும் இதைக் கேட்டார்கள், சீட்டில் எழுதிக்கொள்வதற்காக. அங்கே இல்லை என்றுதான் சொல்லியிருந்தேன். யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன்.

"வலிக்குது அக்கா" என்றேன்.