தயிர்சாதத்தில் வைத்த மாத்திரை

என் கணவருக்கு நடுக்குவாதம் வருவதற்குப் பத்து வருடம் முன்பே மலச்சிக்கல் வந்துவிட்டது. காலையில் அவர் கழிப்பறைக்குள் போனால் மற்றவர்கள் வெளியே காவல் நிற்க வேண்டும். உள்ளேயே குடியிருக்கப் போகிறாரா என்று நானே கிண்டல் செய்திருக்கிறேன். எந்த டாக்டரும் அதை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை, வாழைப்பழம் சாப்பிடச் சொல்லி அனுப்பினார்கள். சிலருக்கு இந்த வியாதி குடலில்தான் தொடங்குகிறதாம், அங்கே வாழும் பாக்டீரியாவுக்கும் மூளைக்கும் தொடர்பு உண்டாம். இப்போது சொல்கிறார்கள். இப்போது சொல்லி என்ன புண்ணியம்?

அவருக்கு நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை. சரக்கைச் சோதித்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். மைசூரில் எங்கள் தெருமுனைக்கே ஏழு மணிக்குக் கம்பெனி பஸ் வரும். வலது கை மெல்ல மெல்லச் சொன்ன பேச்சைக் கேட்காமல் போனது. எழுத்து எறும்பு மாதிரி சிறுத்தது. சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிட்டேன். வேலை போய்விடுமோ என்பதுதான் அவருடைய ஒரே பயம்.

டாக்டர் இரண்டு நிமிடம் பார்த்து மாத்திரை எழுதினார். எப்போது, எதோடு சாப்பிடுவது என்று அவர் சொல்லவில்லை. மருந்துக் கடைக்காரர் யோசிக்காமல் உறையின் மேல் 'ஊட்டா ஆத மேலே' என்று எழுதிக் கொடுத்தார், சாப்பாட்டுக்குப் பிறகு என்று. எனக்கும் அது சரியாகவே பட்டது. வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் வயிறு எரியும் என்றுதானே வளர்ந்தோம்.

அதற்குள் வாட்ஸ்அப் வைத்தியம் வந்து சேர்ந்தது. மார்டள்ளியிலிருந்து என் நாத்தனார் ஒரு வீடியோ அனுப்பினாள். அதில் ஒருவர் சிரித்துச் சிரித்துப் பேசினார்: தயிரில் இருக்கும் நல்ல பாக்டீரியா மூளை நரம்புக்கே மருந்தாம். அடுத்த நாளே புதுச் சட்டி வாங்கி உறை ஊற்றினேன். மூன்று வேளையும் தயிர்சாதம். முதல் வாயில் மாத்திரையை வைத்து நானே ஊட்டினேன். நல்ல பாக்டீரியாவும் மருந்தும் ஒன்றாக உள்ளே போகிறதே என்று எனக்குப் பெருமை வேறு.

கை தேறவில்லை. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார், நான் தயிரைக் கூட்டினேன். ஆறு மாதம் இப்படியே போனது. தொழிற்சாலையில் மேலதிகாரி மரியாதையாகத்தான் பேசினாராம், விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்று. கடிதத்தை நான் எழுதினேன். கையெழுத்துப் போட அவருக்கு வெகு நேரம் ஆனது.

"உடு புள்ள, எத்தன நாளைக்கு எம்பட வேலைய அடுத்தவன் செய்வான்?" என்றார்.

அதற்கு அடுத்த மாதம் அந்த டாக்டர் விடுப்பில் இருந்ததால் வேறொரு பெண் டாக்டர் பார்த்தார். மாத்திரையை எதோடு கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். பெருமையாகச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். தயிரில் இருக்கும் புரதமும் இந்த மருந்தும் குடலில் ஒரே வாசலில் முட்டிக்கொள்ளும், புரதம் முந்திக்கொண்டால் மருந்து மூளைக்குப் போய்ச் சேராது என்றார். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால், வெறும் தண்ணீரில் கொடுக்க வேண்டும். பாக்டீரியா பற்றிய ஆராய்ச்சி நடக்கட்டும், தயிரை வேறு வேளைக்குக் கொடுங்கள் என்றார். அவர் என்னைத் திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

எனக்கு வந்த கோபம் இன்றுவரை ஆறவில்லை. ஒரு வாக்கியம் சொல்ல நேரமில்லாத அந்த முதல் டாக்டர் மேல் கோபம். கண்ணை மூடிக்கொண்டு உறையில் எழுதிய கடைக்காரர் மேல் கோபம். வீடியோவில் சிரித்தவர் யார் வீட்டுச் சட்டைக்கும் பொத்தான் போட வேண்டியதில்லை. முருங்கைக்காய் வாங்கப் பத்துக் கேள்வி கேட்கிறவள் நான், மாத்திரைக்கு ஒரு கேள்வி கேட்கவில்லையே!

அன்றிலிருந்து மூன்று வேளையும் வெறும் தண்ணீரில் மாத்திரை, காலையில் ஆறு மணிக்கே. பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். நான் அடுப்படியில் இருந்தேன். அவர் வந்து நின்றார். சட்டையின் எல்லாப் பொத்தானும் போட்டிருந்தது, மேல் பொத்தான்கூட. கையை முன்னும் பின்னும் திருப்பிக் காட்டினார்.

"ஏம்புள்ள, இந்தக் கைய வெச்சுட்டு வேலைக்கே போலாமாட்டம் இருக்குதே!"

தெருமுனையில் கம்பெனி பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. இரண்டு பேரும் அது கிளம்பிப் போகும்வரை அங்கேயே நின்றோம்.