ஆவாரம் வேலியில் வெள்ளைப் பொடி

1959 அக்டோபர் 4, ஞாயிறு. வையம்பட்டியில் காலை 6.10 பாசஞ்சர் ஏறினேன். திருச்சி சந்திப்பு முப்பத்திரண்டு மைல். மூன்றாம் வகுப்பு டிக்கெட் தொண்ணூறு நயா பைசா. பையில் ஒரு படி ஆவாரை நெற்று, விதையோடு காய்ந்த காய். ஸ்ரீரங்கத்து நண்பர் ராகவாச்சாரி, ஓய்வுபெற்ற ரயில்வே கணக்கர், தம் கொல்லையில் ஆவாரை வேலி போட்டிருக்கிறார். வண்ணத்துப்பூச்சிகள் வர வேண்டும் என்பது அவர் ஆசை. விதை கொடுத்தவன் நான். "செடி செழிப்பு. பூச்சிதான் வரவில்லை. நேரில் வந்து பாரும்" என்று கார்டு போட்டிருந்தார்.

8.20. சந்திப்பிலிருந்து ஸ்ரீரங்கம் பஸ். நவராத்திரிக் கூட்டம். கண்டக்டர் என் பையைத் தொட்டுப் பார்த்தார்.

"ஆவாரங்காயா சார்? எதுக்கு?"

"தோட்டத்துல போட."

"எங்க ஊர்ல ஆடுகூட இதை மோந்து பாக்காது. நீங்க பஸ்ல ஏத்திக்கிட்டு வரீங்க. நல்லா உக்காருங்க."

நாலு பேர் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. வழி நெடுக பங்களா வாசல்களில் குரோட்டன்ஸ் தொட்டிகள். ஒன்றிலாவது ஒரு வண்டு உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. எங்கிருந்தோ கப்பலில் வந்தது என்றால் தொட்டியும் காவலும். நம் தரிசில் தானாகப் பூத்தால் இளக்காரம்.

9.15. ஆச்சாரி நேரே கொல்லைக்கு அழைத்துப்போனார். சரளை கொட்டி மேடாக்கி, மதிலோரம் இருபத்திரண்டு செடிகள், இடுப்புயரம், கொத்துக் கொத்தாக மஞ்சள் பூ. இலையெல்லாம் வெளுத்திருந்தது. தெருப் புழுதி என்று நினைத்து விரலால் தேய்த்தேன். நெடி அடித்தது. டி.டி.டி. பூச்சிமருந்துப் பொடி. செடியடியில் ஒரு கருவண்டு மல்லாந்து கிடந்தது.

"வாரத்துக்கு ஒரு தரம் தூவறேன்" என்றார் பெருமையாக. "ஒரு இலையிலே ஓட்டை காட்டும், பார்ப்போம்."

"புழுவைக் கொன்னுட்டு, பூச்சி வரலேன்னு கார்டு போட்டீங்களா?" என் குரல் உயர்ந்துவிட்டது. "ஆவாரம்பூவுல தேனே கிடையாதுங்க. மஞ்சள் பூச்சி இந்தச் செடியைத் தேடி வர்றது இலையில முட்டை போட. அந்தப் புழு இலையைத் தின்னாத்தான் பூச்சி. உங்களுக்குக் காகிதப் பூ வேலி போதுமே."

ஆச்சாரியின் முகம் சிவந்தது. உள்ளே போனார். கம்பியில் கோத்து வைத்திருந்த ஒரு கடிதத்தை உருவிக்கொண்டு வந்தார்.

"இது யார் கையெழுத்து, ஸ்வாமி? வாசியும்."

1957 ஜூலை 21 தேதியிட்ட என் கடிதம். கொதித்து இறக்கிய நீரில் விதையை ஓர் இரவு ஊறவைக்கவும். மேட்டில் ஊன்றவும். நீர் தேங்க விடவேண்டாம். நான்காவது வரி: "இலையில் புழு கண்டால் தாமதியாமல் டி.டி.டி. தூவவும்."

"நீர் எழுதினதைத்தானே பண்ணினேன்? என்னைப் பார்த்துக் கத்தறீர்."

பருத்திக்கு எழுதிய ஏதோ பிரசுரத்தைப் படித்துவிட்டு ஆவாரைக்கு நான் ஒட்டவைத்த வரி அது. சென்ற ஆண்டுதான் ஒரு புழுவை ஊறுகாய் ஜாடியில் வைத்து, அது மஞ்சள் பூச்சியாவதைக் கண்ணால் கண்டேன். என் நாட்குறிப்பில் தேதிவாரியாக எழுதினேன். இவருக்கு ஒரு வரி எழுதவில்லை.

சமையற்கட்டு வாசலிலிருந்து அவர் மனைவி, மாமி, குரல் கொடுத்தார். "சண்டை போட்டது போறும். கிணத்தடிச் செடியைப் போய்ப் பாருங்கோ. சர்க்கரைக்குக் கஷாயம் போட அதுலதான் பூ பறிக்கறேன். அது மேல பொடி விழுந்தா மறுநாள் காபி கிடையாதுன்னு சொல்லிட்டேன்."

கிணற்றடியில் தனியாக ஒரு செடி. பாதி இலை அரித்துப்போய் நரம்பாக நின்றது. குனிந்து எண்ணினேன்: பச்சைப் புழு ஒன்பது, இலைக்கடியில் கூட்டுப்புழு ஒன்று. நாங்கள் நிற்கும்போதே ஒரு மஞ்சள் பூச்சி வந்து, பூவைச் சீந்தாமல், தளிரில் வாலை வளைத்து முட்டை வைத்துவிட்டுப் போயிற்று.

"அசிங்கமா இருக்குன்னு நாளைக்கு இதை வெட்ட ஆள் சொல்லியிருந்தேன்" என்றார் ஆச்சாரி மெதுவாக.

"வெட்டித்தான் பாருங்கோளேன்" என்றார் மாமி. "பூச்சி வரலே, பூச்சி வரலேன்னு வேலியையே பார்த்துண்டு நின்னா? இந்தப் பக்கம் திரும்பினா என்ன கழுத்து சுளுக்கிக்குமா?"

ஆச்சாரி கடிதத்தை என்னிடம் நீட்டினார். "ஆளை வரவேண்டாம்னு சொல்லிடறேன். அந்த வரியை அடிச்சுத் தேதி போடும்." அடித்தேன். 4-10-59.

மாலை 4.30, சந்திப்பில் ரயில் ஏறினேன். மணப்பாறைக்கு அப்பால் தண்டவாளத்தின் இருபுறமும் தரிசில் ஆவாரை பூத்துக் கிடந்தது. எல்லாம் ஓட்டை இலைகள். யாரும் விதை கொடுக்காத, வளர்க்கும் முறை என்று யாரும் கடிதம் எழுதாத செடிகள். கண்டக்டர் மேலும் குரோட்டன்ஸ் மேலும் காலையில் எழுந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் அதைக் கொண்டுபோய் வைக்க இப்போது என்னைத் தவிர வேறு இடமில்லை. அதே கடிதத்தை 1957இல் இன்னும் ஆறு பேருக்கு நகல் எடுத்து அனுப்பியிருக்கிறேன். அந்த வரியை அடிக்கச் சொல்ல, ரயில் ஏறுமுன் ஆறு கார்டு வாங்கியிருந்தேன். பெட்டி ஆடியதில் எழுத்து கோணியது. அவர்களில் ஜீயபுரத்து நண்பர் எதையும் நான் எழுதியபடியே செய்கிறவர். அவர் விலாசத்தை முதலில் எழுதினேன்.